குறை அளவு நடை

எடை அளவைத் துறையின் தலைமை அலுவலகத்துக்குப் பத்தொன்பது வருடமாக நடந்தே வந்துகொண்டிருந்த ஒரே ஊழியர் பதிவறை அக்கா. ஆகவே ஊழியர்களை வேலைக்கு நடந்து வரச் செய்யும் திட்டத்தைத் துறை அறிவித்த அன்றைக்கு முதலில் மாட்டிக்கொண்டவளும் அவள்தான்.

துறையைப் பற்றி ஒரு வார்த்தை. கடைக்காரர்களின் தராசு, எடைக்கல், அளவுகோல் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். சரியாக இருந்தால் முத்திரை குத்துவார்கள். குறைவாக இருந்தால் பறிமுதல் செய்து பதிவறையில் போட்டுப் பூட்டுவார்கள். முத்திரை இல்லாத எதையும் அங்கே யாரும் நம்புவதில்லை. ஒருமுறை தட்டச்சர் ஒருவர், தனக்குப் பிறந்த குழந்தை மூன்று கிலோ இருநூறு என்று சொல்லி எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். "எந்தத் தராசுல போட்டாங்க? முத்திரை இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மிட்டாயைப் பிரித்தார்கள்.

அக்காவின் வீடு அலுவலகத்துக்குப் பின்தெருவில் இருந்தது. வீட்டுப் படியிலிருந்து அலுவலக வாசலுக்கு நானூற்றெண்பது மீட்டர். காலையில் வருவாள். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் வீட்டுக்குப் போவாள். பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்பி வருவாள். போகவர ஏழேழு நிமிடம். நடுவில் இருக்கும் முப்பத்தொரு நிமிடத்துக்காகத்தான் அவள் அந்த வேலையையே பிடித்துக்கொண்டு தொங்கினாள். வீட்டில் அவள் கணவர் படுக்கையில் கிடந்தார். இருபத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஆறு வருடத்துக்கு முன் பஸ் கவிழ்ந்ததில் முதுகெலும்பு போய், இடுப்புக்குக் கீழே செத்த உடம்பு. நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, மாலை ஐந்து. காலையும் மாலையும் பிரச்சினை இல்லை. பன்னிரண்டுதான் உயிர்.

திட்டத் தொடக்க விழாவுக்கு ஆணையர் தம் அறையிலிருந்து எதிர்க் கட்டடத்தில் இருந்த அரங்குக்குக் காரில் வந்தார். கார் திரும்ப இடமில்லாததால் ஊரைச் சுற்றிக்கொண்டு வர நேர்ந்து, விழா அரை மணி தாமதமானது. ஆணையருக்கு ஆறடி உயரம், அதற்கேற்ற குரல்.

"நான் சின்ன வயசுல தினமும் ஆறு கிலோமீட்டர் நடந்தேன்," என்றார். "ஏன் நடந்தேன்? வசதி இல்லை. அதை நடைன்னு சொல்ல முடியுமா? வசதி இருக்கிறவன் நடந்தாத்தான் நடை. வசதி இல்லாதவன் நடக்கிறது வெறும் போக்குவரத்து!"

கைதட்டல். அக்காவும் தட்டினாள். தன்னைத்தான் சொல்கிறார் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

மறுநாள் ஒரு படிவம் வந்தது. பெயர், பதவி, வயது. நான்காவது கட்டம்: 'கைவிட்ட வாகனம்.' அக்கா 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் ஆய்வாளர் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு பதிவறைக்கு வந்தார். சின்ன வயசு, எங்கே போனாலும் சட்டைப்பையில் அளவு டேப். மில்லிமீட்டருக்கு மேல் எதையும் பேசமாட்டார் என்பதால் அலுவலகம் முழுக்க அவருக்கு மில்லி என்று பெயர்.

"அக்கா, உங்களைப் பட்டியல்ல சேர்க்க முடியாது. நீங்க நடந்து வரலை."

"பின்ன பறந்தா வர்றேன், தம்பி?"

"திட்டத்துக்கு முன்னாடியே நடந்தீங்கன்னா அது திட்டத்தால வந்த நடை கிடையாது. பழக்கம். அதுவும் இல்லாம, குறைஞ்சது ஒரு கிலோமீட்டர் இருக்கணும். உங்களோடது நானூத்தி எண்பது. அளந்துட்டேன்."

"சரிப்பா, பட்டியல்ல இல்லாட்டி என்ன குடி முழுகிடும்?"

மில்லி சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தைக் காட்டினார். நடப்போர் பட்டியலில் இல்லாதவர்கள் வாகனப் பிரியர்களாகக் கருதப்படுவார்கள். வாகனப் பிரியர்களுக்குத் தூரம் ஒரு பொருட்டல்ல. எனவே அவர்கள் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சோதனைத் திடலுக்கு, லாரி எடைமேடைகள் இருக்கும் இடத்துக்கு, மாற்றப்படுவார்கள்.

அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டாள். நாற்பது கிலோமீட்டர். மதியம் பன்னிரண்டு.

"இப்ப என்ன பண்ணணும்கிற?"

"ஸ்டேடியத்துக்குப் பக்கத்துல நடைத் தொடக்கப் புள்ளின்னு ஒண்ணு வச்சிருக்கோம். காலையில எட்டரைக்கு அங்கே வந்துட்டா, எல்லாரோடயும் சேர்ந்து இங்கே நடந்து வரலாம். ரெண்டு கிலோமீட்டர். கணக்குல வந்துடும்."

"என் வீட்டுலேருந்து ஸ்டேடியத்துக்கு எப்படி வர்றது?"

"பஸ்ஸுல வாங்க."

அன்று மதியம் கணவரை இடப்பக்கமாகப் புரட்டித் தலையணையை முட்டுக்கொடுத்தபடி அக்கா நடந்ததைச் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்தபடி சிரித்தார். சிரிப்பு மேல்பாதி உடம்பில் மட்டும் குலுங்கியது.

"அதாவது நீ பஸ் ஏறி ஆபீஸைத் தாண்டிப் போய், இறங்கி, ஆபீஸுக்கு நடந்து வரணும்."

"ஆமாங்க."

"இருபத்திரண்டு வருஷம் டிக்கெட் கிழிச்சிருக்கேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தூங்கிக் கோட்டை விட்டவனைப் பார்த்திருக்கேன். முழிச்சிக்கிட்டே கோட்டை விடச் சொல்ற ஆபீஸை இப்பத்தான் கேள்விப்படறேன்."

"சும்மா இருங்க. கையைத் தூக்குங்க."

அக்கா பஸ் ஏறினாள். ஜன்னல் வழியே அலுவலக வாசல் வந்தது, போனது. நடைத் தொடக்கப் புள்ளியில் முப்பது கார்கள் நின்றன. அதிகாரிகள் ஒவ்வொருவராக இறங்கி, புதுக் காலணியின் நாடாவை டிரைவரைக் கட்டச் சொல்லி, கேமராவைப் பார்த்துக் கையசைத்துவிட்டு நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், யாருக்காவது களைத்துவிட்டால் உதவும் என்று, முப்பது காலிக் கார்களும் மாட்டு வண்டி வேகத்தில் உறுமிக்கொண்டே வந்தன. சாலை முழுக்கப் புகை. ஆணையர் இருநூறாவது மீட்டரில் முக்கியமான போன் வந்து காரில் ஏறிக்கொண்டார். மற்றவர்களுக்கும் போன் வரத் தொடங்கியது. கடைசிவரை போன் வராதவள் அக்கா ஒருத்திதான். அலுவலக வாசலுக்கு அவள் தனியாக, கரியைக் குடித்து இருமிக்கொண்டே வந்து சேர்ந்தாள். பதினேழு நிமிடத் தாமதம். தாமதத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள்.

பரவாயில்லை, பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். எடை அளவைத் துறை ஒரு விஷயத்தை அளக்காமல் விட்டுவிடும் என்று நினைத்தது அவள் தப்பு.

மூன்றாம் வாரம் ஒருவர் கேள்வி எழுப்பினார்: எல்லோரும் நடக்கிறார்கள், சரி. ஆனால் எது நடை? ஒருவர் காலடி நீளம், இன்னொருவர் காலடி குட்டை. முத்திரையில்லாத காலடிகளை இந்தத் துறையே ஏற்றுக்கொண்டால் நாளைக்குக் கடைக்காரன் முகத்தில் எப்படி விழிப்பது? எல்லோரும் அதிர்ந்து போனார்கள். ஏழு பேர் குழு அமைத்தார்கள். குழு தாழ்வாரத்தில் நடந்து பார்த்தது. ஆறு பேர் பாதியிலேயே நாற்காலி கேட்டதால், மிஞ்சிய ஒருவருடைய காலடியே தரம் என்று முடிவாயிற்று. மிஞ்சியவர் ஆணையர். எழுபத்தைந்து சென்டிமீட்டர்.

அந்த நீளத்தில் துருப்பிடிக்காத எஃகுத் தண்டு ஒன்று செய்து, 'மூல நடை' என்று பொறித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட்டில் படுக்க வைத்தார்கள். சூட்டில் நீண்டுவிடக் கூடாது என்று அதற்கென ஓர் அறை, ஏசி, மூன்று பேரிடம் மூன்று சாவி. பதிவறையில் பதினாறு வருடமாகக் கெட்டுக் கிடக்கும் மின்விசிறியை மாற்றச் சொல்லி அக்கா எழுதிய மனு அதே வாரம் திரும்பி வந்தது. நிதி இல்லையாம்.

பிறகு ஸ்டேடியத்திலிருந்து அலுவலகம் வரை சாலையோரத்தில் எழுபத்தைந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக வெள்ளைக் கோடு போட்டார்கள். ஒவ்வொரு காலடியும் கோட்டிலிருந்து கோட்டுக்கு விழ வேண்டும். அக்கா நாலடி பத்தங்குலம். முதல் நாள் ஒரு கோட்டை எட்டிப் பிடித்தாள். இரண்டாவது கோட்டுக்குத் தாவினாள். மூன்றாவதில் தொடை பிடித்துக்கொண்டது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஐம்பத்தேழு வயதுப் பெண் பாண்டி ஆடிக்கொண்டு வேலைக்குப் போவதை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. காரில் போய்க்கொண்டிருந்த நடையாளர்கள் கண்ணாடியை இறக்கி, "சபாஷ், அப்படித்தான்!" என்று ஊக்கமளித்தார்கள்.

இரண்டு நாள் தாவினாள். மூன்றாம் நாள் மதியம் கணவரைப் புரட்ட வலுவில்லாமல், மூன்று தடவை முயன்றுதான் முடிந்தது. நாலாம் நாள் தன் பாட்டுக்கு, தன் காலடியில் நடந்தாள்.

மில்லி மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"நில்லுங்க அக்கா. அப்படியே நில்லுங்க. காலை அசைக்காதீங்க." குந்தி உட்கார்ந்து டேப்பை நீட்டினார். "ஐநூத்தி இருபது மில்லி. எழுநூத்தி ஐம்பது இருக்கணும். அக்கா, இது முப்பது சதவீதத்துக்கு மேல குறையுது. குறை அளவு."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்ற? காலை இழுத்தா நீட்ட முடியும்?"

"நான் உங்களைத் தப்பாச் சொல்லலை. ஆனா இதையே ஒரு துணிக்கடைக்காரன் பண்ணியிருந்தா சும்மா விடுவோமா? நீங்களே சொல்லுங்க."

குறை அளவுக் கருவியைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்பது விதி. எது கருவி என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, அவள் காலில் இருந்த செருப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டார். ரசீது கொடுத்தார். நல்ல வெயில். மிச்ச ஒன்றேகால் கிலோமீட்டரை அக்கா வெறுங்காலில் நடந்தாள்.

பறிமுதலான பொருள் எதுவானாலும் பதிவறைக்குத்தான் வரும். பதினொரு மணிக்கு அவள் செருப்பு, வாரில் ஓர் அட்டையோடு, அவள் மேசைக்கு வந்தது. விதிப்படி அதைப் பெற்றுக்கொண்டு, 'செருப்பு, ஒரு ஜோடி, இடது குதிகால் தேய்ந்தது' என்று பதிவேட்டில் எழுதி, வரிசை எண் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் போட்டாள். சாவி அவளிடமே இருந்தது. விதிப்படி அதைத் திறக்கக் கூடாது. பன்னிரண்டுக்கு வெறுங்காலோடு வீட்டுக்கு ஓடினாள்.

விசாரணை வைத்தார்கள். நேரம், பகல் பதினொன்றரை.

விசாரணை அறை குளுகுளுவென்று இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஆணையர். பக்கத்தில் மூல நடை, கண்ணாடிப் பெட்டியோடு, சாட்சி மாதிரி. அக்காவை ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள்.

"எத்தனை வருஷமா நடக்கறீங்க, அம்மா?"

"இங்கேயா? பத்தொன்பது வருஷம், ஐயா."

"பத்தொன்பது வருஷமும் இதே ஐநூத்தி இருபதுதானா?"

"அதுக்கு முன்னாடியும் இதேதான்."

ஆணையர் பெருமூச்சு விட்டார். "பாருங்க. பத்தொன்பது வருஷம் இந்தத் துறையோட வாசப்படியிலேயே குறை அளவு நடந்திருக்கு, நமக்குத் தெரியலை. வெளியே தெரிஞ்சா என் பேர் என்ன ஆகும்? இந்தத் திட்டம் உங்க உடம்பு நல்லா இருக்கணும்னுதானே கொண்டு வந்தேன்? உங்க உடம்பு எக்கேடு கெட்டாலும் சரி, திட்டம் நல்லா இருக்கணுமா இல்லையா?"

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்தது.

"ஐயா, நான் வீட்டுக்குப் போயிட்டு ஓடியாந்துடறேன். அவரைப் புரட்டிப் போடணும். முக்கால் மணி நேரம்..."

"மதியம் வீட்டுக்குப் போறது வேலைக்கு வர்ற நடை கிடையாது. அதுக்கும் இந்தத் திட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைன்னு நானே ஆணை போட்டிருக்கேன். உட்காருங்க."

அவர்களுக்குச் சாப்பாடு அறைக்கே வந்தது. சாப்பிட்டுக்கொண்டே நடையின் மேன்மையைப் பேசினார்கள். ஒருவர் ஏப்பம் விட்டு, நடப்பதால் செரிமானம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். அவர் அன்று நடந்தது காரிலிருந்து லிப்ட் வரை. விசாரணையை மறுவாரத்துக்குத் தள்ளி வைத்து அக்காவை விட்டபோது மணி மூன்றே கால்.

வீட்டில் கண்டக்டர் கண்ணை மூடிக் கிடந்தார். படுக்கை நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. அறைக்குள் நாற்றம் குத்தியது. அக்கா அவரைப் புரட்டித் துடைத்தாள். இடுப்பெலும்பு முட்டும் இடத்தில் தோல் உரிந்து, குழந்தையின் உள்ளங்கை அகலத்துக்குச் சதை சிவந்திருந்தது. ஆறு வருடத்தில் ஒரு கீறல் வராமல் காப்பாற்றிய உடம்பு.

"ரொம்பப் பெருசாம்மா?" என்று கேட்டார். அங்கே அவருக்கு வலி தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

"இல்லைங்க. லேசாத்தான்."

"பொய் சொல்லாதே. நீ மூச்சு விடாம நிக்கறப்பவே தெரியுது."

அக்கா மருந்து தடவினாள். "அந்தத் திடலுக்குப் போட்டுட்டாங்கன்னா தினமும் இதே கதைதாங்க," என்றாள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

"உன் ஆபீஸ்ல விதி இல்லாம ஒரு ஈ கூடப் பறக்காதுன்னு சொல்லுவியே. அவனுங்க விதியிலேயே தேடு. எங்க டிப்போவுல செக்கிங் ஆபீசர்கிட்டேருந்து ஒரே ஒரு கண்டக்டர்தான் தப்பிச்சிருக்கான். அவன் அந்த விதிப் புஸ்தகத்தைப் படிச்சவன்."

மறுநாள் அக்கா பதிவறையில் உட்கார்ந்து விதிப் புத்தகத்தைப் பிரித்தாள். அங்கே அதைத் திறந்து பார்த்தவர்கள் அவளும் கரப்பான் பூச்சிகளும்தான். நாற்பத்தோராம் விதியில் விரல் நின்றது. திரும்பப் படித்தாள். பிறகு பறிமுதல் பதிவேட்டைப் புரட்டினாள். மூவாயிரத்துச் சொச்சம் பொருள். 'வழக்கு முடிந்த தேதி' என்ற கட்டம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை காலி. முதல் வரிசையில் ஒரு பால் குவளை. சொந்தக்காரர் இறந்து, மகன் இறந்து, பேரன் வாய்தாவுக்கு வந்துகொண்டிருந்தார்.

அடுத்த விசாரணையில் ஆணையர் மாறுதல் உத்தரவில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். அக்கா எழுந்தாள்.

"ஐயா, குத்தத்தை ஒத்துக்கறேன். என் நடை குறை அளவுதான்."

அறையில் ஒரு திருப்தி பரவியது.

"ஆனா பறிமுதல் தப்பா நடந்திருக்கு. செருப்புல என்ன குறை? அது என் காலுக்குச் சரியாத்தான் இருந்துச்சு. அளவு குறையறது காலு. பறிமுதல் பண்ண வேண்டியது காலைத்தான்."

எல்லோரும் அவள் காலைக் குனிந்து பார்த்தார்கள். மில்லி மட்டும் மெல்லத் தலையாட்டினார். அந்தச் செருப்பை நினைத்து அவர் இரண்டு வாரமாகத் தூங்கவில்லை. "சார், அக்கா சொல்றது சட்டப்படி சரி. துணிக்காரன் முழக்கோல்ல குறை வச்சா கோலைத்தான் எடுப்போம். துணியைச் சுத்தியிருந்த பேப்பரையா எடுப்போம்?"

"காலை எப்படிய்யா பறிமுதல் பண்ணுவே?" என்று ஆணையர் சீறினார்.

"முடியாதுன்னா எழுதிக் குடுத்துடுங்க, ஐயா," என்றாள் அக்கா. "அப்ப காலடி ஒரு அளவே இல்லைன்னு ஆயிடும். அந்த எஃகுத் தண்டு..."

எல்லோரும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்கள். அதற்கான ஏசி, வெல்வெட், மூன்று சாவி, தொடக்க விழாவில் எடுத்த புகைப்படம். ஆணையரின் சொந்தக் காலடி. அது அளவில்லை என்று அவரே எப்படி எழுதுவார்? நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பறிமுதல் பண்ணு," என்றார்.

மில்லி ஈய முத்திரையும் கம்பியும் கொண்டுவந்து, அக்காவின் இரண்டு கணுக்காலிலும் கட்டி, குறட்டால் நசுக்கினார். காலுக்கொரு அட்டை தொங்கவிட்டார்: 'குறை அளவு. பயன்பாட்டுக்குத் தகுதியற்றது.' அக்கா குனிந்து பார்க்கவில்லை. கம்பி தோலில் கீறி லேசாக ரத்தம் வந்தது. ஆணையர் மாறுதல் உத்தரவை இழுத்துக் கையெழுத்துப் போடப் போனார்.

"நாற்பத்தோராம் விதி, ஐயா," என்றாள் அக்கா. "பறிமுதல் பண்ணின பொருளை, வழக்கு முடியற வரைக்கும், பறிமுதலான ஊரோட எல்லையை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. திடல் ஊர் எல்லைக்கு வெளியே இருக்கு."

ஆணையர் விதியைப் படித்தார். சட்டப் பிரிவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அவர்களும் அதையே படித்தார்கள். பிறகு, "தகுதியற்ற காலால வேலைக்கு மட்டும் எப்படி நடந்து வருவே?" என்று உறுமினார்.

"நான் நடந்து வரலைங்க. பறிமுதல் பொருளுக்குப் பதிவறைதானே காப்பு? தினமும் காலையில பொருளை ஆபீஸுக்குப் பத்திரமாக் கொண்டுவந்து ஒப்படைக்கறேன். மதியம் வீட்டுக்குப் போறது நடையே இல்லைன்னு நீங்களே ஆணை போட்டிருக்கீங்க."

மணி பன்னிரண்டு அடித்தது. அவள் வாசலைப் பார்த்து நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்கும் விதியைப் பக்கம் பக்கமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"இது என்ன, கொலுசா?" என்றார் கண்டக்டர், சத்தத்தைக் கேட்டு.

"ஆபீஸ்ல போட்டு விட்டாங்க."

"முப்பது வருஷமா நான் வாங்கித் தரலைன்னு சொல்லிக்காட்டுவியே. துறையிலேருந்தே பண்ணிக் குடுத்துட்டாங்க பாரு."

கம்பி உரசி உரசிக் கணுக்காலில் இரண்டு கறுப்பு வளையம் விழுந்தது. திட்டத்துக்குச் சிறந்த செயலாக்க விருது கிடைத்தது. அதை வாங்க ஆணையர் விமானத்தில் போய் வந்தார். வழக்கு நடந்துகொண்டே இருந்தது. மாதம் ஒருமுறை பறிமுதல் பொருளை நேரில் சரிபார்க்க வேண்டும் என்பதால், மில்லி ஒருநாள் மதியம் அந்த நானூற்றெண்பது மீட்டரை அலுவலக ஜீப்பில் கடந்து அக்காவின் வீட்டுக்கு வந்தார். கதவு திறந்திருந்தது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அக்கா கணவரின் தோளையும் இடுப்பையும் பிடித்துப் பாதி புரட்டிய நிலையில் நின்றிருந்தாள்.

"முத்திரை பார்க்கணும் அக்கா."

"பாருங்க. நான் விட முடியாது."

மில்லி தரையில் உட்கார்ந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் ஊன்றியிருந்த அவள் கால்களை விளக்கடித்துப் பார்த்து, 'பொருள் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக்கொண்டார். தலைக்கு மேலே, அவருக்கு முதுகைக் காட்டிக் கிடந்த கண்டக்டர் பேசினார்.

"தம்பி, அப்படியே அந்தப் புண்ணையும் பார்த்து எழுதிக்கோங்க. போன மாசத்தைவிடச் சுருங்கியிருக்காம். குறை அளவுன்னு பறிமுதல் பண்ணிடாதீங்க."

மில்லியின் கை, அவரைக் கேட்காமலேயே, சட்டைப்பையில் இருந்த டேப்பைத் தொட்டது.

"இருபத்திரெண்டு மில்லி," என்றாள் அக்கா, திரும்பாமல். "நானே அளந்துட்டேன். கதவைச் சாத்திட்டுப் போங்க."